எழுபத்திரண்டில் பன்னிரண்டு

படச்சுருள் இருந்த டப்பாவில் டெவலப்பரை ஊற்றி மூடியை அழுத்தியதும் வெள்ளியங்கிரி குளியலறைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தான். காலை பதினொன்று பத்து. ஒன்பது நிமிஷம் இந்த மருந்து, ஒரு நிமிஷம் வெறும் தண்ணீர், படம் அழியாமல் நிறுத்த ஐந்து நிமிஷம் ஃபிக்ஸர். பதினைந்து நிமிஷத்தில் அந்தப் பன்னிரண்டு படங்களும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவன் யோசிக்கவில்லை, யோசிக்கவில்லை என்று சொல்வதும் பொய், பத்தொன்பது நாளாக வேறெதை யோசித்தான். டப்பாவைக் கவிழ்த்தான், நிமிர்த்தினான், மறுபடி கவிழ்த்தான், அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளே காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் படத்தில் வட்டம் விழும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள், அந்த வட்டம் சரியாக ஒரு முகத்தின் மேல் விழுந்து தொலைத்தால்? தண்ணீர் இருபது டிகிரி இருக்க வேண்டும், கோயம்புத்தூர்க் குழாயில் சித்திரை மாசம் முப்பதுக்குக் குறையாது, அதனால் வாளியில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தெர்மாமீட்டரை விட்டு நாலு தடவை பார்த்தான், நாலாவது தடவை பார்த்தபோதும் நம்பிக்கை வரவில்லை. அது அவன் தொழில். கணபதியில் பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன். வருகிற ஒவ்வொரு சாமானும் தப்பு என்று வைத்துக்கொண்டுதான் கையில் எடுப்பான், சரி என்று தெரிந்தால்தான் விடுவான், லேத்தில் நிற்பவர்கள் அவன் வருவதைப் பார்த்தால் பேச்சைக் குறைப்பார்கள். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கேமராவையும் வாங்கினான். ஜப்பான்காரன் அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்தது, உள்ளங்கைக்குள் அடங்கும், பேட்டரி கிடையாது, மீட்டர் கிடையாது. ஒரு படம் விழ வேண்டிய இடத்தில் இதில் இரண்டு படம் விழும், பாதிப் பாதியாக, நெட்டுக்குத்தலாக. முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலில் எழுபத்திரண்டு எடுக்கலாம். ஒவ்வொன்றையும் சின்ன டைரியில் எழுதி வைத்தான். ராஜ்கோட்டுக்குக் கம்பெனி வேலையாகப் புறப்பட்ட வியாழக்கிழமை காலையில் எழுதியது முப்பத்தெட்டு. வாசல் கேட், சாத்தியபடி எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து கேமராவை எடுத்தபோது மேலே இருந்த சின்ன வட்டத்தில் முள் ஐம்பதில் நின்றது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. நாலு தடவை கவிழ்த்தான், தட்டினான். ஐம்பதில் முப்பத்தெட்டு போனால் பன்னிரண்டு. ஒன்றோ இரண்டோ என்றால் கை பட்டிருக்கும் என்று விட்டுவிடலாம், ஒவ்வொரு படத்துக்கும் பின்னாலிருக்கிற பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் கடைசிவரை தள்ளினால்தான் அடுத்தது எடுக்க முடியும், பன்னிரண்டு தடவை தெரியாமல் தள்ள முடியாது, பன்னிரண்டு தடவை தள்ளியவர்களுக்கு அது பிடித்திருந்திருக்கிறது. அன்றைக்கே கேட்டான். பூங்கொடி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “கேமராவத் தொட்டியா?” “நானெதுக்குங்க அதத் தொடறேன், தொடவே இல்லீங்க.” திரும்பவில்லை. கல்யாணம் ஆகி இருபத்தொரு வருஷத்தில் அவன் கேட்டால் அவள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வாள், அது ஒரு பழக்கம், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே திரும்புவாள். அன்றைக்குத் துடைக்கவில்லை, அரிசியைக் களைந்துகொண்டேயிருந்தாள், மூன்று தண்ணீர் போதும், அவள் ஐந்தாவது தண்ணீர் ஊற்றினாள், அவன் எண்ணினான். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனால் கொடியில் பெரிய கட்டிலின் விரிப்பு காய்கிறது. மெத்தை உறையும் சேர்த்து. விரிப்புத் துவைக்கிற நாள் செவ்வாய். ஏன் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அவன் வருகிற அன்றைக்கு, அதுவும் மெத்தை உறை. கேட்கவில்லை. ஒரு சாமான் தப்பு என்று தெரிந்தால் உடனே சொல்லிவிடக் கூடாது, அதே தப்பு இன்னும் எதிலெல்லாம் இருக்கிறது என்று சத்தமில்லாமல் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் எதிர்வீட்டு சாந்தாமணி குப்பை வண்டிக்கு நின்றபோது சிரித்துக்கொண்டே, “ஊட்ல விருந்தாளிங்க போல, வெள்ளிக்கிழம பைக் நின்னுச்சுங்களே,” என்றாள். ஆமா என்றான். என்ன ஆமா? அவனுக்கே தெரியாத விருந்தாளிக்கு அவனே ஆமா போட்டான். சாந்தாமணி அந்தச் சிரிப்பை எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்றும் பார்த்தான், தேவைக்கு மேல் கொஞ்சம் வைத்திருந்தாள்.

மூன்றாவது நிமிஷம். கவிழ்த்து நிமிர்த்தி. உள்ளே இப்போது உருவங்கள் எழும்ப ஆரம்பித்திருக்கும், முதலில் வானம், வெள்ளைச் சட்டை, வெளிச்சம் பட்டதெல்லாம் கறுப்பாக. யாருடைய சட்டை. தண்ணீர் ஃபில்டர் சர்வீஸுக்கு வருகிறவன் ஒருத்தன் இருக்கிறான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அக்கா அக்கா என்று கூப்பிடுவான், அக்கா என்று கூப்பிடுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள், அதனால்தான் அப்படிக் கூப்பிடுகிறானோ. அவனிடம் பைக் உண்டு. கல்யாண மண்டபத்தில் யோகா சொல்லித்தருகிற மாஸ்டர், அறுபது வயது, முட்டிவலி, அவரையும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தான், முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏற மாட்டார், ஆனால் கட்டில் கீழேதானே இருக்கிறது. மகள் ஈரோட்டில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவளோடு படிக்கிற பையன் யாராவது என்றுகூட நினைப்பில் போய் அங்கிருந்து உடனே திரும்பிவிட்டான், உடம்பு கூசியது. கேமராவையே சந்தேகப்பட்டான்; உதிரிப் பாகத்துக்கு வாங்கிப் போட்டிருந்த, ரோல் இல்லாத அதே மாதிரி இன்னொரு கேமராவின் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அறுபது வருஷத்து ஸ்பிரிங் தானாகப் பன்னிரண்டு பல் தாண்டுமா, தாண்டாது. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, நானேதான் எடுத்துவிட்டு எழுத மறந்தேனா என்று தோன்றியது, அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது, அதனாலேயே அதை நம்பவில்லை. கடையில் கொடுத்துக் கழுவியிருக்கலாம், காந்திபுரத்தில் வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே எவனோ ஒருத்தன் அந்தப் பன்னிரண்டை முதலில் பார்ப்பான், பார்த்துவிட்டுக் கவரில் போட்டு ஒன்றும் தெரியாததுபோல் நீட்டுவான். அதனால் மருந்து வரவழைத்தான், வீணான ரோலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவின் சக்கரத்தில் ஏற்றப் பழகினான். வெளிச்சம் படாமல் கையை நுழைத்துச் சுற்ற ஒரு கறுப்புப் பை வேண்டும். தைத்துத் தந்தது பூங்கொடி. கறுப்பு லைனிங் துணி மூன்று மடிப்பு, கை நுழைகிற இடத்தில் எலாஸ்டிக். “வெளிச்சம் துளி வரக் கூடாதுங்களா?” என்று கேட்டுக் கேட்டுத் தைத்தாள். தையல் அவ்வளவு நெருக்கமாக இருந்தது. எதற்குத் தைத்தோம் என்று அவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் தைத்தாளா, தெரிந்து தைக்கிற கைக்கு அவ்வளவு நிதானம் எங்கிருந்து வரும். அரைமணி நேரத்துக்கு முன் அந்தப் பைக்குள் கையை விட்டுச் சுற்றும்போது அவள் கை உள்ளே இருப்பது போலவே இருந்தது.

ஆறு. ஏழு. கை ஐஸ் தண்ணீரில் மரத்துவிட்டது. முதல் முப்பத்தெட்டை எடுத்த நாட்கள் நன்றாக இருந்தன. அவற்றையெல்லாம் ஜோடி ஜோடியாக எடுத்திருந்தான், கழுவினால் ஒரே பிரிண்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இடதில் மூடிய குடை, வலதில் விரித்த குடை. இடதில் கடையத் தொடங்காத வார்ப்பு, வலதில் பளபளவென்று கடைந்து முடித்தது. இடதில் பூங்கொடி வெங்காயம் உரிக்கிறாள், வலதில் கண்ணைக் கசக்குகிறாள், அன்றைக்கு, “போதுமுங்க, என்னையவே எடுத்து வீணடிக்காதீங்க,” என்று சிரித்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கும், படம் விழாத இடம். ராஜ்கோட்டிலிருந்து வந்தபிறகு அவனுக்கு அந்தக் கோடுதான் பெரிதாகிப்போனது. வியாழன் ஒரு படம், ஞாயிறு ஒரு படம், நடுவில் கோடு. மீதியிருந்த இருபத்திரண்டை ஜோடியாக எடுக்கவில்லை. எப்படி எடுத்தான் என்று டைரியிலும் எழுதவில்லை. அவற்றை இப்போது நினைக்க வேண்டாம், இப்போது பன்னிரண்டு. ஒன்பதாவது நிமிஷம் முடிந்து மருந்தைக் கொட்டினான், தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினான், ஃபிக்ஸரை ஊற்றினான், புளித்த வாடை மூக்கில் ஏறியது. இன்னும் ஐந்து நிமிஷம். வெளியே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. காலடிச் சத்தம் ஹாலைத் தாண்டி வந்து கதவுக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டது, போகவில்லை.

“ஏனுங்க.”

“தெறக்காதே. மருந்து ஓடிட்டிருக்குது.” இருட்டு தேவைப்படும் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, கதவைத் திறந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் சொன்னான்.

“தெறக்க வேண்டாமுங்க. அங்கிருந்தே கேளுங்க, அப்பத்தான் எனக்குச் சொல்ல வரும்.” அந்தப்பக்கம் வளையல் கதவில் உரசியது. “அந்தக் கேமராவ நாந்தானுங்க எடுத்தேன்.”

தெரியும் என்று சொல்வதற்குப் பத்தொன்பது நாளாக வாயில் ஒரு சொல்லை வைத்திருந்தான். டப்பாவைக் கவிழ்த்தான், நிமிர்த்தினான்.

“எப்படியும் படத்துல வந்துரும். நீங்களாப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுக்கு முந்தி நான் சொல்லிரணும். தாமு வந்திருந்தானுங்க.”

தாமோதரன், அவளுடைய தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த வாசுகியை, வேறு சாதிப் பெண்ணை, ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். வெள்ளியங்கிரி வாசலிலேயே நிறுத்தினான். இனி இந்தப் படி ஏறக் கூடாது, எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குது, நாளைக்கு நாலு இடத்துல மாப்பிள்ளை பார்க்கணும் என்றான். வாசுகி கழுத்தில் மாலை வாடாமல் இருந்தது. பத்தொன்பது நாளில் ஊரிலிருக்கிற ஆம்பிளை ஒவ்வொருத்தனையும் அந்த பைக்கில் ஏற்றி இறக்கிப் பார்த்தான், இந்த ஒரு பெயர் மட்டும் ஏன் வரவில்லை.

“மஸ்கட் போறாங்களாமுங்க. போனா ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம். போறதுக்கு முந்தி கொழந்தையக் கண்ணுல காட்டிட்டுப் போறேன்னு வந்தானுங்க. பொம்பளப் புள்ள, ஒம்பது மாசம். வெள்ளிக்கிழம மத்தியானம் வந்து சனிக்கிழம போயிட்டாங்க. நம்ம கட்டில்லதான் தூங்குச்சு, மெத்தையெல்லாம் நனைச்சிருச்சு.” அவள் அந்த இடத்தில் சிரித்தாளோ என்று சந்தேகமாக இருந்தது. “நெம்பப் பயந்துட்டேனுங்க நீங்க கேட்டப்ப.”

“ஃபோன்ல எடுக்க வேண்டியதுதானே?”

“ஃபோன நீங்க பார்ப்பீங்களே.” குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதுபோல் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. “இதுன்னா கழுவற வரைக்கும் தெரியாது. கழுவறதுக்குள்ள எப்படியாச்சும் சொல்லிரணும்னு எனக்கு நானே கெடு வெச்சுக்கிட்டனுங்க. இன்னிக்குக் காத்தால நீங்க ஐஸ் கேட்டீங்க பாருங்க, அப்பவே கெடு முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுருச்சு.”

அழகாகப் பொருந்துகிறது. பைக், விரிப்பு, பொய், எல்லாம் ஒரு திருகாணியில் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற சாமான் வந்தால் அவன் இன்னொருமுறை அளந்து பார்ப்பான். பத்தொன்பது நாள் அவளுக்கும்தானே இருந்திருக்கிறது, ஒரு கதை ஜோடிக்க அது போதாதா, தம்பியின் பெயரைச் சொன்னால் அவன் ஃபோன் போட்டுக் கேட்க மாட்டான் என்று தெரிந்து சொல்கிறாளா, சீ, என்ன மனசு இது, ஆனால் இன்னும் ஒரு நிமிஷம்தானே, கேட்பானேன், படமே சொல்லும். படம் பொய் சொல்லாது. கடிகாரத்தில் முள் சுற்றி வந்தது. ஃபிக்ஸரைக் கொட்டிவிட்டுக் கதவைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்து சக்கரத்திலிருந்து ஈரப் படச்சுருளை உருவி, வெளிச்சத்தை மறைக்க வெண்டிலேட்டரில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்தெறிந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். விழுந்திருந்தது. குடை விழுந்திருந்தது, வார்ப்பு விழுந்திருந்தது, வெங்காயம் உரிக்கிற பூங்கொடி கறுத்த முகமும் வெளுத்த தலைமுடியுமாக விழுந்திருந்தாள். விளிம்பில் எண்ணுக்கு இரண்டு படம்; பத்தொன்பதாம் எண்ணுக்கு நேரே கடைசியாக அவன் எடுத்த வாசல் கேட். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. விளிம்பில் இருபது, இருபத்தொன்று என்று எண்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன, எண்களுக்கு நடுவே படம் தண்ணீர் மாதிரித் தெளிவாக, ஒரு சாண் நீளம், அதன் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இருபத்தைந்து வரை. பன்னிரண்டு இடம். மருந்தில் கோளாறு இல்லை, முன்னாலும் பின்னாலும் விழுந்திருக்கிறதே. அந்த இடத்தில் வெளிச்சமே பட்டிருக்கவில்லை. அவனுக்குப் புரிந்தது.

“எடுக்கும்போது முன்னால இருந்த மூடியக் கழட்டுனியா?”

“எந்த மூடிங்க?”

“வட்டமா, கறுப்பா.”

“அது கண்ணாடி இல்லீங்களா? மேல இருக்கற ஓட்டை வழியாப் பார்த்தேன், புள்ள நல்லாத்தான் தெரிஞ்சுச்சு.” அவள் பக்கத்தில் வந்து நின்று அந்தத் தெளிவான இடத்தைப் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. “ஒண்ணுகூடவாங்க?”

சாட்சி இல்லை என்றுதான் அவன் மனசு முதலில் சொன்னது. அவள் சொன்னதற்கு இனிமேல் எந்தச் சாட்சியும் இல்லை, அவள் வாய்ச்சொல் மட்டும்தான். மூடியை வேண்டுமென்றே கழற்றாமல் விட்டிருப்பாளோ என்றுகூட ஒரு நொடி போயிற்று. அதற்குள் பூங்கொடி சுருளின் மீதியைக் கையில் வாங்கியிருந்தாள், அவன் தடுக்க நினைப்பதற்குள். ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

“இது யாருங்க?”

ஒரு பெண் கொடியில் துணி காயப்போடுகிறாள், பின்னாலிருந்து. அதே பெண் ஃபோனில் பேசுகிறாள், கதவிடுக்கு வழியாக. தூங்குகிறாள். கேட்டைத் திறந்து தெருவைப் பார்க்கிறாள், மாடியிலிருந்து. கவிழ்த்து வைத்த ஃபோன், அவளுடைய செருப்பு, அவளுடைய கைப்பை. மறுபடி முதுகு.

“நானுங்களா?”

“ம்.”

“எப்ப எடுத்தீங்க?”

“நீ பார்க்காதப்ப.”

இருபத்திரண்டையும் பார்த்து முடித்தாள். சேலைத் தலைப்பு ஃபிக்ஸர்த் தண்ணீரில் நனைந்திருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. எதற்கு என்று கேட்பாள் என்று காத்திருந்தான், கேட்டால் என்ன சொல்வது, பத்தொன்பது நாள் சேர்த்து வைத்ததில் ஒரு சொல்கூட அவளிடம் கொடுக்கிற மாதிரி இல்லை. அவள் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று என்று புரிந்தது. விரிப்பைக்கூட எப்படிப் பார்த்தான் என்பதுவரை. சுருளை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அந்தத் தெளிவான ஒரு சாண் இடத்தின்மேல் விரலை வைத்தாள், படாமல்.

“இதுல பாப்பா கட்டில் மேல குப்புறக் கெடந்துச்சுங்க,” என்றாள். “இதுல தலையத் தூக்குச்சு. இதுல வாசுகி மடியில. இது தாமு தோள் மேல ஒக்கார வெச்சிருந்தான், ஃபேனப் பார்த்துச் சிரிச்சுச்சு. இதுல சோறு ஊட்டறேன், ஒரு கைல எடுத்தேனுங்க, அது ஆடிப்போயிருக்கும். இது உங்க சட்டைய இழுத்துருச்சு, ஸ்டாண்டுல இருந்தத. இது வாசக் கேட்டுப் பக்கத்துல. இது கால் மட்டும்.” விரல் நகர்ந்துகொண்டே போனது. அழவில்லை, குரல் ஒரே மட்டத்தில் இருந்தது, கடையில் சாமான் சொல்வதுபோல. பாப்பா அழுதுகொண்டே தொட்டிலில், அவள் சேலைக்குள் ஒளிந்தபடி, பைக்கில் ஏறும்போது. அத்துடன் நிறுத்திக்கொண்டாள்.

பதினொன்று. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்று குறைகிறது. அவளுக்கு மறந்திருக்கலாம், ஒரே மாதிரி இரண்டு எடுத்திருக்கலாம், அல்லது அந்த ஒன்றில் வேறு ஏதோ, வேறு யாரோ. சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பன்னிரண்டாவது? ஒரே ஒரு சொல், கேட்டுவிட்டால் முடிந்தது. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள்போல. வாளியில் ஐஸ் எல்லாம் கரைந்திருந்தது.

“பேரென்ன வெச்சிருக்காங்க?” என்றான்.

பூங்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கேள்வியை இப்படிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற கண்ணை அவள் முகத்தில் அவன் இதுவரை கண்டதில்லை.

“எதுக்குக் கேக்கறீங்க?”

“கூப்பிடறதுக்குத்தான்.”

அவள் குனிந்து, படத்தை அலசுவதற்காக அவன் திறந்துவிட மறந்திருந்த குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில், அவன் பக்கம் திரும்பாமல் பெயரைச் சொன்னாள். அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டதை வைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

“ஆதிரா இல்லீங்க,” என்றாள் பூங்கொடி, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி. “ஆதிரை.”